பூனை மூத்திர வாடை: வினிகரா, பெராக்சைடா, நொதித் திரவமா?

சோபாவில் பூனை போன இடம் மேலே பார்த்தால் உள்ளங்கை அளவுதான் தெரியும். உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கிற ஃபோமைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள் படர்ந்திருக்கும். இரண்டு வாரம் மேல்துணியை மட்டுமே துடைத்துத் துடைத்து அலுத்துப்போன பிறகுதான் நான் இதைக் கண்டேன். அதற்குள் வினிகர், சமையல் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, கடையில் விற்கும் நொதித் திரவம் (என்சைம் கிளீனர்) என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று போட்டாகிவிட்டது. எது எதற்கு உதவுகிறது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். புதிதாகப் போன சிறுநீரில் வாடை அவ்வளவாக இருக்காது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்க உடைக்க அம்மோனியா கிளம்பும்; மூக்கைச் சுருக்க வைக்கும் நெடி அதுதான். பூனைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் அதன் சிறுநீரில் இருக்கிறது. காயடிக்காத ஆண் பூனைக்கு மிக அதிகம். அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக வாடையுள்ள தயோல்களாக மாறும். நேற்றைவிட இன்று அதிகமாக நாறுகிறதே என்று நமக்குத் தோன்றுவது பிரமை இல்லை. நாய்க்கு இந்தக் கந்தகத் தொல்லை கிடையாது. அதனால் நாய் போன இடத்தைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் சுலபம்.

வினிகர் சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம். அம்மோனியா காரம் என்பதால் இரண்டும் சேர்ந்து வாடையற்ற உப்பாகிவிடும். டைல்ஸ் தரையில் அப்போதுதான் போனது என்றால், ஒத்தி எடுத்துவிட்டுச் சரிபாதித் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தால் போதும். வேறெதுவும் தேவையே இல்லை. ஆனால் கந்தக வாடையை அது தொடாது. மார்பிள் தரையில் வினிகரை ஊற்றவே ஊற்றாதீர்கள். பளபளப்பை அரித்துத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிடும், பிறகு பாலிஷ் போட்டால்தான் உண்டு.

சமையல் சோடா ஈரத்தை இழுக்கும், மிச்ச வாடையைக் கொஞ்சம் அடக்கும். அவ்வளவுதான். அதன் மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்கவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பொங்குவது கரியமில வாயு. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

கந்தக வாடையை நேரே பிடிப்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. தயோல்களோடு ஆக்ஸிஜனைச் சேர்த்து, மூக்குக்கு எட்டாத பொருள்களாக மாற்றிவிடும். ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றமும் தயோல்தான். அதைப் போக்க பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் கொடுத்த கலவை 1993-இல் வெளியானது: சுமார் 1 லிட்டர் 3 சதவீத பெராக்சைடு, கால் கப் சமையல் சோடா, 1 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். பூனை வாடைக்கும் இதே கலவையை அளவு குறைத்துப் போடலாம். கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும். பாட்டிலில் மூடி வைத்தால் ஆக்ஸிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும். பெராக்சைடு சாயத்தையும் வெளுக்கும். என் சோபாவின் அடர்நீல உறையில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். காய்ந்ததும் பழுப்பாக ஒரு பொட்டு நின்றது. அதோடு உறைக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பட்டு, கம்பளி பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஃபோம், மெத்தை, தரைவிரிப்பு என்று உறிஞ்சும் எதுவானாலும் என் ஓட்டு நொதித் திரவத்துக்குத்தான். அதிலுள்ள நொதிகளும், பல தயாரிப்புகளில் சேர்க்கப்படும் நல்ல பாக்டீரியாக்களும் கழிவைத் தின்று கரைக்கின்றன. இது பலனளிக்கவில்லை என்று குறைபடுபவர்களில் பெரும்பாலோர் லேசாகத் தெளித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் துடைத்தவர்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். ஃபோம் நனைய நனைய ஊற்றி, காயாதபடி மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இடையில் வாடை கூடினால் பயப்பட வேண்டாம், உள்ளே வேலை நடக்கிறது. அதே இடத்தில் முன்பே பெராக்சைடோ கிருமிநாசினியோ போட்டிருந்தால், நன்றாகத் தண்ணீரில் அலசிய பிறகே இதை ஊற்றுங்கள். இல்லையென்றால் நொதி செயலிழந்துவிடும். என் குஷனுக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது. முழுக்கக் காய ஐந்து நாள் ஆனது. பிறகு காற்றில் ஈரம் கோத்த ஒரு நாளில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை.

மரத்தரையும் மரச்சாமானும் தனிக் கதை. அங்கே எதையும் ஊற்றி ஊறவிடக் கூடாது. துணியில் நனைத்துத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். இடுக்கில் இறங்கிக் கறுத்துப்போன பழைய கறை என்றால், மேல்பூச்சை இழைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

கறை எங்கே என்றே தெரியவில்லையா? விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள், காய்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். சோப்புத் தடமும் ஒளிரும் என்பதால் மூக்கையும் கூடவே நம்புங்கள்.

பிளீச் மட்டும் கூடவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு, வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. நீராவி இயந்திரமும் வேண்டாம். சூடு பட்டால் கறை இழையோடு பிடித்துக்கொள்ளும். ஃபினாயில் வகைத் திரவங்களையும் டீ ட்ரீ எண்ணெயையும் பூனை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். அவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

நன்றாக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போகிறது என்றால், தரையைத் துடைக்கும்போதே மருத்துவரிடம் நேரமும் கேட்டுவிடுங்கள். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் சோபாவை அப்படியே போட்டுவிட்டு அந்த நிமிடமே கிளம்புங்கள். அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிரையே எடுத்துவிடும்.