ஒரு நாளில் சென்னை: வாடகைக் காரா, பறக்கும் ரயிலா?

தூத்துக்குடியிலிருந்து அத்தை, மாமா, அவர்கள் பேத்தி மூவரும் காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்திறங்குவார்கள். இரவு அதே வண்டியில் ஊர் திரும்ப வேண்டும். நடுவில் கிடைக்கும் ஒரு பகலில் கோயில், கடற்கரை, கலங்கரை விளக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். இதே மூவரை 2024 கோடையிலும் நான்தான் கூட்டிக்கொண்டு சுற்றினேன். அப்போது வாடகைக் கார், இந்தத் தடவை பறக்கும் ரயில், அதாவது ஊருக்குள் தூண்கள் மேல் உயரத்தில் ஓடும் மின்சார ரயில். ஏறக்குறைய ஒரே இடங்களை இரண்டு விதமாகவும் பார்த்தாயிற்று. என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

அந்தக் கோடையில் காரைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் அந்தப் பகுதியில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதனால் ஒரு டிராவல்ஸில் சொல்லி கார் எடுத்தோம்.

கார் சௌகரியம்தான், அதை மறுக்க முடியாது. ஏசி இருக்கிறது, பையை உள்ளேயே போட்டுக்கொள்ளலாம், யாரும் படி ஏற வேண்டாம். ஆனால் டிராவல்ஸ்காரர்கள் தரும் கணக்கு எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். எழும்பூர், செயின்ட் ஜார்ஜ் கோட்டை, திருவல்லிக்கேணி, மெரினா, மயிலாப்பூர் என்று சுற்றி மறுபடி எழும்பூருக்கே வந்து மீட்டரைப் பார்த்தால் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 2,600 ரூபாய் கொடுத்தோம். அதில் பெரும்பகுதி வண்டி நின்றதற்குக் கொடுத்த காசு.

காசைக்கூட விடலாம். என் மனதை மாற்றியது வேறு ஒன்று. காரில் போனால், இறங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இறங்கினோம். மீசை வைத்த பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் கடல் காற்று முகத்தில் அடிக்கிறது. அப்படியே பொடிநடையாகக் கடற்கரைப் பக்கம் போய்விடலாம் என்று மாமா கிளம்பிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். “ஏ மாப்ள, வந்த எடத்துக்கேவா திரும்பிப் போகணும்?” என்றார். வண்டி அங்கேதான் நிற்கிறது என்றேன். அங்கேயும் நிற்கவில்லை. ஓரமாக நிறுத்த விடவில்லை என்று டிரைவர் ஒரு சுற்று சுற்றப் போயிருந்தார். தெருமுனையில் நிழல்கூட இல்லாத இடத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். மயிலாப்பூர் மாட வீதியிலும் இதே கதை. மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருவை அடைத்திருந்தார்கள். நாங்கள் ஓரிடத்தில், வண்டி ஓரிடத்தில், நடுவில் போன். அன்று கோயில் பிராகாரத்தில் நின்ற நேரத்தைவிட காரைத் தேடிய நேரம் அதிகம்.

ரயிலில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு நிலையத்தில் இறங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டே நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகும் பறக்கும் ரயில் பாதையில் இதற்கு நன்றாகவே வசதி இருக்கிறது. கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை. வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்று எழுதித் தரும் பட்டியலே நிலையங்களின் பெயராக வரிசையாக நிற்கிறது.

இந்தத் தடவை பைகளை எழும்பூர் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, மின்சார ரயிலில் கோட்டை நிலையம் போய், அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறினோம். நேராகத் திருமயிலை. கோயில்களை மதியம் சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் காலையை முழுக்கக் கோயிலுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். கபாலீஸ்வரரைப் பார்த்துவிட்டு மாட வீதியில் டிபன். அப்புறம் திருமயிலைக்குத் திரும்பாமல் வடக்கே நடந்தோம். முண்டகக்கண்ணி அம்மன் ஓலைக் கூரைக்குக் கீழே இருக்கிறாள், அதைப் பார்த்து அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். காரில் வந்தபோது இந்தக் கோயில் எங்கள் கண்ணிலேயே படவில்லை. அதே பெயருள்ள நிலையத்தில் ஏறி, திருவல்லிக்கேணியில் இறங்கி, நடை சாத்துவதற்குள் பார்த்தசாரதியைப் பிடித்துவிட்டோம்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை காருக்குத்தான் மதிப்பெண். அந்த வெயிலில் யாரையும் நடத்தக் கூடாது. ஓட்டலில் ஏசி ஹாலில் மெதுவாகச் சாப்பிட்டு, ஒரு காபியும் குடித்துப் பொழுதைத் தள்ளினோம். வெயில் கொஞ்சம் இறங்கியதும் ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். அங்கிருந்து கடற்கரையோரமாகவே கலங்கரை விளக்கம் வரை போனோம். லிஃப்டில் மேலே ஏறியதும் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்தவர், துறைமுகத்துக் கிரேன்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பேத்திக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, இது கன்டெய்னர், அது எண்ணெய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே எந்த வண்டியும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பதால் நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்று நாலு பேருக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் நூறு ரூபாயைத் தாண்டவில்லை. பறக்கும் ரயிலில் கட்டணம் அஞ்சு ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

குறைகளும் உண்டு. நிலையங்கள் உயரத்தில் இருப்பதால் படிதான் பெரிய எதிரி. ஒரு நிலையத்தில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் இரண்டு தடவை நின்றார். கலங்கரை விளக்கம் நிலையமும் பெயருக்கு ஏற்ற மாதிரி விளக்கின் காலடியில் இல்லை, நல்ல நடை இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் அத்தைக்காக ஆட்டோ பிடித்தேன். பகலில் ஒரு வண்டியை விட்டால் இருபது நிமிடம்போல நிற்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கூடும். இருட்டிய பிறகு இந்த நிலையங்களில் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. நாங்கள் ஆறரைக்கெல்லாம் எழும்பூர் வந்துவிட்டோம்.

மெட்ரோவை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். ஏசி, லிஃப்ட், சுத்தம் எல்லாவற்றிலும் அதுதான் மேல். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எழும்பூர், சென்ட்ரல், உயர் நீதிமன்றம் என்று முக்கியமான இடங்களைத் தொடுகிறது. ஆனால் மயிலாப்பூருக்கும் மெரினாவுக்கும் இரண்டாம் கட்ட வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தால் இந்தக் கட்டுரையையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண வண்டிகளில் டிக்கெட்டே இல்லை, 2021இலிருந்து அப்படித்தான். காமராஜர் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் பல்கலைக்கழகச் செங்கல் கட்டடங்களையும் பார்த்துக்கொண்டு போவது ரயிலில் கிடைக்காது. ஆனால் ஊர் திரும்ப வண்டி பிடிக்க வேண்டியவர்களை டிராபிக்கை நம்பிக் கூட்டிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. ஆட்டோ மூன்று பேருக்குச் சரி, நாலாவது ஆள் சேர்ந்தால் இரண்டு ஆட்டோ.

மாமல்லபுரத்தையும் அதே நாளில் சேர்க்க வேண்டும் என்றால் யோசிக்காமல் கார் எடுங்கள், எண்பது கிலோமீட்டரைத் தாண்டினாலும் பரவாயில்லை. படியே ஏற முடியாத பெரியவர்கள் உடன் வந்தாலும் கார்தான். கிழமையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் மியூசியமும் வெள்ளிக்கிழமை திறக்காது, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. இந்தத் தடவை கோட்டைக்கு நேரம் இல்லை. அதற்குள் இருக்கும், 1680இல் கட்டி முடித்த செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைப் பேத்திக்கு அடுத்த தடவை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கோட்டை நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, பர்மா பஜார் வழியாக நடந்து, கடற்கரை நிலையத்தில் ஏறிக்கொள்வோம்.