பிளீச்சா, வினிகரா, என்சைமா? வீட்டுக்குள் நாய் சிறுநீர் கழித்தால்

லட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று மாதம். ஷீ ட்சூ இனம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதி உள்ள சிறிய நாய். தடுப்பூசிகள் முடியும்வரை கீழே இறக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாமே பதினோராவது மாடியில், வீட்டுக்குள்தான். சிறுநீரை உறிஞ்சும் பேட் விரித்து வைத்தோம். லட்டுக்குப் பிடித்ததோ டிவி மேசைக்குப் பக்கத்து மூலை. அந்த ஒரு மூலையிலேயே பிளீச், வினிகர், என்சைம் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டோம்.

பிளீச் அம்மாவின் யோசனை. கிருமி போகும், தரையும் பளிச்சென்று ஆகும், சரி. ஆனால் சிறுநீரில் உள்ள அமோனியாவோடு பிளீச் கலந்தால் குளோரமைன் வாயு கிளம்பும். ஏர்கானுக்காகச் சன்னலைச் சாத்தியிருந்த அறையில் எங்களுக்கே கண் எரிந்தது. தரையோடு மூக்கை வைத்துத் திரியும் குட்டிக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்தது வினிகர், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து. மலிவு, சமையலறையிலேயே இருக்கிறது. அமிலம் அமோனியாவைச் சமன் செய்துவிடுவதால் புதிய ஈரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். பளிங்குத் தரையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மெருகு போய்விடும்.

இரண்டு வாரம் வினிகரை நம்பினோம். டிசம்பர் மழை தொடங்கியதும் அந்த மூலையிலிருந்து பழைய வாடை மறுபடியும் எழுந்தது. இத்தனைக்கும் லட்டு அன்று அந்தப் பக்கமே போகவில்லை. என்சைம் (நொதி) கலந்த துப்புரவுத் திரவத்தின் பக்கம் என்னைத் திருப்பியது இதுதான். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் காய்ந்தால் படிகமாகிவிடும். தண்ணீரில் எளிதில் கரையாது, வினிகருக்கும் மசியாது. காய்ந்து கிடக்கும்வரை நமக்குத் தெரியாது. காற்றில் ஈரம் ஏறினால் வாடை கிளம்பும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். நம் மூக்குக்கு எட்டாதபோதும் நாயின் மூக்குக்கு எட்டும். வாடை இருக்கும் இடம்தான் கழிப்பறை என்று அது நினைத்துக்கொள்கிறது. திட்டினால் திருந்தாது, நாம் பார்க்காத இடம் தேடிப் போகும்.

என்சைம் திரவம் இந்த யூரிக் அமிலத்தையே உடைக்கிறது. ஆனால் தெளித்ததும் துடைத்தால் பயனில்லை. நான் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்த மூலையில் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் பச்சையாக ஒரு திட்டு ஒளிர்ந்தது, நான் தினமும் துடைத்துக்கொண்டிருந்த இடத்தைப்போல இரண்டு மடங்கு. டைல்ஸ் இடுக்கின் வெள்ளைச் சிமென்ட் வழியாக ஓடி மேசைக்காலுக்கு அடிவரை போயிருந்தது. பழைய பிளீச்சும் சோப்பும் என்சைமைக் கெடுக்கும் என்பதால் முதலில் வெறும் தண்ணீரால் கழுவினேன். பிறகு இடுக்கெல்லாம் நனையும்படி ஊற்றி, காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடி, இரவு முழுக்க விட்டுவிட்டேன். மூன்று இரவு இப்படிச் செய்தேன். நான்காம் நாள் லட்டு அங்கே வந்து மோந்து பார்த்தது, திரும்பி பேடுக்கே போய்விட்டது.

விலை வினிகரைவிடப் பல மடங்கு, அதை மறைப்பதற்கில்லை. சோபாவில் உள்ளே இறங்கிய ஈரத்துக்கு அரை பாட்டில் போயிற்று. நான் சொல்வது டைல்ஸையும் துணி சோபாவையும் வைத்துத்தான். மரத்தரையில் ஒரே ஒருமுறை, தங்கை வீட்டில் போட்டேன்; வாடை போனது, ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

வராமல் தடுக்க: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பேடுக்குக் கூட்டிப் போங்கள். குட்டியால் வயதுக்கு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடக்க முடியும். சரியான இடத்தில் போனால் உடனே தீனி கொடுங்கள். பழகிய பெரிய நாய் திடீரென்று வீட்டுக்குள் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால் எந்தப் பாட்டிலையும் தேட வேண்டாம். சிறுநீர்ப்பைத் தொற்றோ நீரிழிவோ இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.