கார்டு ஏடிஎம்முக்கு மட்டும், கடைக்கு ரொக்கம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

டெபிட் கார்டைக் கடைகளில் தேய்ப்பதை அடியோடு நிறுத்திவிடுவது. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏடிஎம்மில் பணம் எடுத்து, மளிகை முதல் மருந்து வரை ரொக்கமாகவே கொடுப்பது. முறை இவ்வளவுதான். சில மாதம் செய்துபார்ப்பவர்களுக்குச் சில்லறைத் தொல்லை மட்டும்தான் கண்ணில் படும். சில ஆண்டுகள் விடாமல் செய்யும்போதுதான் இது எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை, எங்கே புதிய ஓட்டை போடுகிறது என்பதெல்லாம் பிடிபடும். ரொக்கம் தன்னளவில் பாதுகாப்பானது அல்ல. மாதத்தில் நாற்பது இடத்தில் தலைகாட்டிய கார்டு இப்போது மூன்றே இடத்தில் தலைகாட்டுகிறது என்பதில்தான் பலன். கார்டின் அமைப்புகளைத் தொடாமல் வெறுமனே ரொக்கத்துக்கு மாறியவர்களுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைப்பதில்லை.

கிரெடிட் கார்டில் திருட்டுப்போனால் முதலில் தகராறில் மாட்டுவது வங்கியின் பணம். டெபிட் கார்டில் போவது வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருந்த நம் பணம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்பே தருகிறது. வங்கியின் தவறு என்றால் நமக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் தவறில்லை, நம்மிடமும் தவறில்லை, நடுவில் யாரோ தகவலைத் திருடிவிட்டார்கள் என்றால், வங்கியின் குறுஞ்செய்தி வந்த நாளைத் தவிர்த்து 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் நட்டம்தான். சட்டம் நம் பக்கம் இருந்தாலும் அந்த 10 வேலை நாளைக் கையில் காசில்லாமல் கடக்க வேண்டியிருக்கிறதே, ரொக்கத்தின் பக்கம் மக்கள் சாய்வதற்கு அதுதான் நேர்மையான காரணம்.

முதல் வேலை, கார்டில் ஏடிஎம் தவிர மற்ற வசதிகளை முடக்கிவைப்பது. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் தரும் புதிய கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் வருகின்றன. ஆன்லைன், வெளிநாடு, தொட்டுக் கட்டும் வசதி மூன்றையும் நாமாகத் திறந்தால்தான் திறக்கும். எப்போதோ ஒரு டிக்கெட் எடுக்க ஆன்லைனைத் திறந்துவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குப் போய் ஆன்லைன், வெளிநாடு, தொட்டுக் கட்டுவது, கடை மெஷின் நான்கையும் அணைத்துவிட்டு ஏடிஎம்மை மட்டும் விடுங்கள். அதன் நாள் உச்சவரம்பையும் 10,000 ரூபாய்க்கு இறக்குங்கள். அதிகம் தேவைப்படும் நாளில் ஏற்றிவிட்டு, எடுத்து முடித்ததும் பழையபடி இறக்கிவிடலாம். தொட்டுக் கட்டும் வசதி திறந்திருந்தால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். தொலைந்த கார்டு இன்னொருவர் கைக்குப் போனால் முதலில் நடப்பது அதுதான்.

வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏன் அணைக்க வேண்டும், நாம் திருச்சியைத் தாண்டுவதே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2016 அக்டோபரில் இந்தியாவில் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகளின் தகவல் கசிந்ததாகத் தெரியவந்தபோது, மோசடிப் பரிமாற்றங்கள் பெரும்பாலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் நடந்திருந்தன. கார்டுகளின் சொந்தக்காரர்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். காரணம் எளிது. கார்டின் முதுகிலுள்ள கறுப்புக் காந்தப் பட்டையைப் படியெடுப்பது சுலபம், முன்பக்கச் சிப்பைப் படியெடுப்பது மிகக் கடினம். சிப்பைக் கேட்காமல் பட்டையை மட்டும் படிக்கும் மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கே போலிக் கார்டு ஓடும். நம் கார்டில் சிப் இருந்தாலும் பின்னால் அந்தப் பட்டையும் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது வேலை, இந்த முறையின் உயிர்நாடி: இரண்டு கணக்கு. சம்பளமோ ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கும் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வேண்டாம். வாங்கியிருந்தால் கிளையில் எழுதிக்கொடுத்து ஒப்படைத்துவிடலாம், ஆண்டுக் கட்டணமும் மிச்சம். செலவுக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கு, அதில் அந்த மாதத்துக்கான பணம் மட்டும், கார்டு அதற்கு மட்டும். எவ்வளவு பெரிய திருடனாலும் கணக்கில் இல்லாததை எடுக்க முடியாது. இங்கே பலர் கவனிக்கத் தவறுவது, இருப்பு குறைந்தால் வைப்புநிதியைத் தானாக உடைத்துச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. அது செலவுக் கணக்கோடு இணைந்திருந்தால் திருடனுக்கு வைப்புநிதியும் திறந்த வீடுதான். செலவுக் கணக்கில் அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

இனி ஏடிஎம். மாதத்துக்கு மூன்று முறைதான் போகிறோம் என்பதால் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. சொந்த வங்கியின், கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மாக இருக்கட்டும். வேலை நாளில் காலை பத்தரைக்கு மேல் போங்கள். கார்டு மாட்டிக்கொண்டாலோ பணம் வராவிட்டாலோ பக்கத்துக் கதவைத் தட்டலாம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் ஞாயிறும் வேண்டாம். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் மாதம் 5 முறை இலவசம். மற்ற வங்கி ஏடிஎம் என்றால் சென்னையில் 3, மதுரை, கோவை போன்ற ஊர்களில் 5. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரையும், மேலே ஜிஎஸ்டியும் பிடிக்கலாம். பிற வங்கி ஏடிஎம்மில் வெறும் இருப்பு பார்த்தால்கூட அந்த இலவசக் கணக்கில் ஒன்று குறையும்.

கார்டைச் செருகும் வாயை விரலால் பிடித்து லேசாக ஆட்டிப்பாருங்கள். மேலே ஒட்டிய போலி வாய் என்றால் அசையும். எண் பலகையின் ஓரத்தில் நகத்தை விட்டுப்பாருங்கள், மேலடுக்கு ஒட்டியிருந்தால் விளிம்பு தட்டுப்படும். பலகைக்கு மேலே விளக்குப் பட்டியிலோ பக்கத்து விளம்பரப் பெட்டியிலோ ஊசித் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, ஒரு கையால் எண் பலகையை முழுக்க மூடிக்கொண்டு பின் நம்பரை அழுத்துவது. பட்டையைப் படியெடுத்தவனுக்கும் பின் நம்பர் இல்லாமல் ஏடிஎம்மில் பணம் எடுக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் முதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தக் கருவிகளால் அல்ல. "கொடுங்க தாத்தா, நான் எடுத்துத் தர்றேன்" என்று முன்வரும் ஆளால். பின் நம்பரைக் கேட்டுப் பணத்தை எடுத்துச் சரியாகக் கையில் கொடுத்துவிடுவான். திருப்பித் தரும் கார்டு மட்டும் அதே நிறத்தில் இருக்கும் வேறு யாருடையதோ. அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறோர் ஏடிஎம்மில் கணக்கு காலி. கார்டு கைக்கு வந்ததும் அதிலுள்ள பெயரைப் படிப்பது ஒன்றுதான் மருந்து. பெயர் அச்சிடாத கார்டு என்றால் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மெஷின் புரியாதவர்களுக்கு ஏடிஎம்மே வேண்டாம். பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்ப் பணமெடுக்கும் சீட்டில் எழுதிக்கொடுத்து வாங்கட்டும், வரிசையில் நிற்கும் அரை மணி நேரம் வீண் அல்ல.

கணக்கில் கழிந்துவிட்டது, பணம் வெளியே வரவில்லை என்றால் உடனே நகராதீர்கள். பணம் வரும் வாயில் தகடோ பசை ஒட்டிய பட்டையோ வைத்து நோட்டை உள்ளேயே தடுத்து, நாம் போன பின் எடுத்துக்கொள்ளும் திருட்டு உண்டு. சந்தேகம் இருந்தால் அங்கிருந்தே வங்கியை அழையுங்கள். சாதாரணக் கோளாறு என்றால் ஏடிஎம் எண், நேரம், சீட்டில் உள்ள பரிமாற்ற எண் மூன்றையும் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 அக்டோபர் 15 முதல் உள்ள விதி. அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். கேளுங்கள்.

நடைமுறையில் இந்த முறையைக் கைவிடவைப்பது திருட்டு அல்ல, ஐநூறு ரூபாய் நோட்டு. 10,000 கேட்டால் பல மெஷின்கள் இருபது ஐநூறைத் தள்ளிவிடும். காய்கறிக்காரரிடம் அதை நீட்டினால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். 5,000 என்று அழுத்தாமல் 4,900 என்று அழுத்திப்பாருங்கள். பெட்டியில் நூறோ இருநூறோ இருந்தால் கடைசி 400 அதில் வரும். ஏடிஎம்களில் நூறு அல்லது இருநூறு ரூபாய் நோட்டு வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. 2026 மார்ச் இறுதிக்குள் 90 சதவீத ஏடிஎம்களில் அது இருக்க வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. இன்னும் நல்ல வழி கிளையின் கவுன்ட்டர். ஒரு கட்டு என்பது 100 நோட்டு. இருபது ரூபாய்க் கட்டு 2,000, பத்து ரூபாய்க் கட்டு 1,000. கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் கொடுப்பார்கள். மாதம் 24,000 ரொக்கச் செலவுள்ள வீட்டுக்கு ஐநூறில் 28, இருநூறில் 25, நூறில் 30, இருபதில் ஒரு கட்டு என்று பிரித்தால் மாதக் கடைசி வரை இழுபறி இல்லாமல் ஓடும். பத்து ரூபாய் நாணயத்தை நம் ஊர்களில் இன்னும் சிலர் வாங்க மறுக்கிறார்கள். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது.

பணத்தைப் பலசரக்கு, பால் காய்கறி, மருந்து, போக்குவரத்து என்று தனித்தனிக் கவரில் போட்டுவிட்டால் கணக்கு எழுதும் வேலை பாதி குறையும். பழைய அஞ்சறைப் பெட்டி ஏற்பாடுதான், டப்பாவுக்குப் பதில் கவர். பத்து நாள் செலவுக்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். மாதப் பணத்தை மூன்று தவணையாக எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். கார்டில் போனதற்குப் புகார் எண்ணாவது உண்டு, அலமாரியிலிருந்து போன நோட்டுக்கு எந்த வங்கியும் பதில் சொல்லாது.

ரொக்கத்துக்கென்றே உள்ள திருட்டுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வங்கியிலிருந்து வெளியே வந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பணத்தை வைத்தவரிடம் "சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று ஒருவர் சொல்வார். தரையில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள் கிடக்கும். குனிந்து பொறுக்கி நிமிர்வதற்குள் வண்டிப்பெட்டி காலியாகிவிடும். சட்டையில் ஏதோ அழுக்கு என்று சொல்வதும் இதே ரகம். பணத்தை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட வேண்டும், வழியில் டீக்கடை வேண்டாம்.

கள்ள நோட்டுக்கு ஐநூறை மட்டுமாவது பார்த்துப் பழகுங்கள். சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலது கீழே வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இரு ஓரங்களிலும் ஐந்தைந்து மேடான கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். கள்ள நோட்டு என்று தெரிந்தால் வங்கி அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ஒப்புகை தரும், பதில் நோட்டு தராது. ஏடிஎம்மிலேயே சந்தேக நோட்டு வந்தால் அங்கேயே கேமராவுக்கு இரு பக்கமும் காட்டிவிட்டுக் கிளைக்குள் போங்கள்.

ரொக்கம் செல்லாத இடங்களும் உண்டு, அங்கே பிடிவாதம் வேண்டாம். சுங்கச்சாவடிக்கு ரொக்கத்தை நம்பாமல் பாஸ்டாக் வைத்திருங்கள். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் வருமான வரிக் கழிவு கிடைக்காது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதால் நகைக்கடையில் பெரிய தொகையை வாங்க மறுப்பது சரிதான். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும், எடுத்த சீட்டும் பாஸ்புக் நகலும் கையில் இருக்கட்டும். இப்படிப்பட்டவற்றுக்குக் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ போதும், அதற்காகக் கார்டைத் திறக்க வேண்டியதில்லை.

ரொக்கத்துக்கு மாறியவர்களும் ஏமாறும் இடம் தொலைபேசி. "உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு, மேலே இருக்கிற 16 நம்பரைச் சொல்லுங்க" என்று அழைப்பு வரத்தான் செய்யும். ஆன்லைன் அணைந்திருந்தால் எண்ணைச் சொன்னாலும் அந்தக் கார்டில் ஆன்லைன் பரிமாற்றம் ஓடாது. முடக்கிவைப்பதன் முழு அருமை அப்போது தெரியும். ஆனால் கணக்கோடு யுபிஐ இணைந்திருந்தால் அந்தக் கதவு தனி, அதைச் செலவுக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். கைரேகை வைத்து ஆதார் வழியாகப் பணமெடுப்பது இன்னொரு கதவு, அதற்குக் கார்டே தேவையில்லை. ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டைப் போட்டுவிடலாம், இலவசம். பணம் போனது தெரிந்ததும் முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்கிப் புகார் எண் வாங்குங்கள், அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு. வங்கியில் பதிவான கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். பேரன் பழைய சிம்மை மாற்றிவிட்டதால் குறுஞ்செய்தியே வராமல் மூன்று நாள் கெடு தாண்டுவது பெரியவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிறது.

சில ஆண்டுக்கு ஒருமுறை கார்டு காலாவதியாகிப் புதியது தபாலில் வரும். பழைய கார்டில் செய்துவைத்த அமைப்புகள் புதியதற்கும் தொடரும் என்று நம்பிவிடாதீர்கள். கடை மெஷின் வசதி திறந்தபடியே வரும், உச்சவரம்பும் பழையபடி மேலே ஏறியிருக்கலாம். பின் நம்பர் போடும் அன்றே எல்லாவற்றையும் மறுபடி அணையுங்கள். பழைய கார்டைச் சிப்பின் குறுக்கே ஒரு வெட்டு, காந்தப் பட்டையின் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டி, துண்டுகளை வெவ்வேறு நாள் குப்பையில் போடுங்கள்.