அளவு எடுத்ததுக்கு ரெண்டு ஸ்டார், வாய் பேச்சுக்கு ஒண்ணும் இல்ல

கடை போட பில்டிங் அப்ரூவல், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எல்லாம் வாங்கித் தர்றோம்னு போர்டு வச்சிருக்கற இந்த கன்சல்டன்சிக்கு நான் போனது போன வருஷம் ஆடி மாசம். வீட்டுல கேக் செஞ்சு வித்துட்டு இருந்தவ நான், ஆர்டர் ஜாஸ்தியாகி கோயம்புத்தூர்லயே ஒரு கடை பாத்தேன், 620 சதுர அடி, வாடகை 18 ஆயிரம், அட்வான்ஸ் ரெண்டு லட்சம். மேல ரெண்டு மாடில நாலு வீடு, கீழ ரெண்டு ஷட்டர், அதுல ஒண்ணு எனக்கு. அட்வான்ஸ கொடுத்து டைல்ஸ் ஒட்டி ஓவனுக்கும் ஆர்டர் போட்டதுக்கு அப்புறம்தான் கரண்ட் பத்தி யோசிச்சேன், அது என் புத்தி, அதுக்கு இவங்கள குறை சொல்ல மாட்டேன்.

ஓனர் மாடி வீட்டு லைன்ல இருந்து சப் மீட்டர் போட்டுத் தர்றேன்னார். வீட்டு டாரிஃப்ல கடை ஓட்டுனா மாட்டும்போது மின்சார சட்டம் 126வது பிரிவுல டபுள் ரேட்டு போட்டு தீட்டிருவாங்கன்னு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதால நான் ஒத்துக்கல. தனி கமர்ஷியல் சர்வீஸ் கேட்டு அப்ளை பண்ணேன், ஈபில கேட்ட முதல் கேள்வியே சிசி எங்க மேடம், அதாவது அப்ரூவ் ஆன பிளான்படியே கட்டி முடிச்சிருக்குன்னு கொடுக்கற கம்ப்ளீஷன் சர்டிபிகேட். ஓனர்கிட்ட கேட்டா சிரிக்கறார், "அம்மிணி, நம்ம ஊர்ல யாரு சிசி வாங்கியிருக்கா சொல்லு பாப்போம், நாலு வீட்டுக்கும் லைன் வரலியா?"

அப்படித்தான் இவங்க ஆபீசுக்கு போனது. மொத்த பீஸ் 35 ஆயிரம், முன்பணம் 20 ஆயிரம், 45 நாள்ல முடிச்சுத் தர்றோம் மேடம்னார்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். அளவு எடுக்க வந்த பையன் தங்கம். அரை நாள் வெயில்ல நின்னு ஒவ்வொரு செவுரையும் சைடு சந்து அகலத்தையும் அளந்து, இருக்கறத இருக்கறபடி ஒரு டிராயிங் போட்டுக் கொடுத்தான், பின்னாடி யார்கிட்ட காட்டினாலும் அதுல ஒரு தப்பு சொல்லல. அந்த ரெண்டு ஸ்டார் அவனுக்குத்தான்.

மத்தபடி ஆபீஸ்ல உக்காந்து பேசறவர் இருக்காரே. முதல் தடவை போனப்ப, உங்க கடை 620 சதுர அடிதான, 300 சதுர மீட்டருக்குள்ள இருந்தா 2024லயே கவர்மென்ட் விலக்கு கொடுத்துட்டாங்க, சிசியே வேண்டாம், ஒரு லெட்டர் போட்டா ஈபில கொடுத்துருவாங்கன்னார். நானும் நம்பி லெட்டரோட போறேன், அங்க இருந்த அசிஸ்டன்ட் இன்ஜினியர் அம்மா பொறுமையா உக்கார வச்சு சொன்னாங்க, அந்த 300 சதுர மீட்டர் உங்க ஷட்டருக்கு இல்லம்மா, மொத்த கட்டடத்துக்கு. மொத்தம் 380 சதுர மீட்டர் வருது, போச்சு. அப்ப மேல இருக்கற வீடுங்களுக்கு எப்படி கொடுத்தீங்கன்னு கேட்டேன். வெறும் வீடு மட்டும் இருக்கற கட்டடம்னா 14 மீட்டர் உயரத்துக்குள்ள, எட்டு வீட்டுக்குள்ள, 750 சதுர மீட்டருக்குள்ள இருந்தா சிசி கேக்க மாட்டோம், உங்க ஓனர் பிளான்லயும் வீடுன்னுதான் இருந்துச்சு, லைன் வாங்கினப்புறம் கீழ ஷட்டர் இறக்கிட்டார்னா நாங்க என்னம்மா பண்றதுன்னாங்க. எனக்கு பதில் சொல்ல முடியல.

பிளான்ல கீழ என்ன இருக்குன்னு அன்னிக்குதான் எனக்கு உறைச்சுது. அப்ரூவ்டு பிளான் காப்பிய ஓனர்கிட்ட கெஞ்சி வாங்கிப் பாத்தா, நான் மாவு பிசையணும்னு நெனச்ச இடத்துல நாலு கட்டம் போட்டு கார் பார்க்கிங்னு எழுதியிருக்கு!! இந்த காப்பி கன்சல்டன்சிக்காரர் கைல முதல் வாரமே இருந்துச்சுங்க. அளவு எடுத்த பையன்கூட அத வச்சுதான் ஒப்பிட்டுப் பாத்திருக்கான், அவன் டிராயிங்லயே சிவப்பு மைல வட்டம் போட்டிருக்கான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஏன்னா சொல்லியிருந்தா மிச்ச 15 ஆயிரம் வராதே.

நேரா போய் கேட்டேன். அதுக்கு அவர், கவலைப்படாதீங்க மேடம், டவுன் பிளானிங் சட்டத்துல 113சின்னு ஒரு பிரிவு இருக்கு, விதி மீறி கட்டுனத அதுல ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்னு அடுத்த கயிறு திரிச்சார். அதையும் நம்பிட்டு வந்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவர்தான் ராத்திரி உக்காந்து தேடிப் பாத்துட்டு எழுப்பி சொன்னார், அது 2007 ஜூலை 1க்கு முன்னாடி கட்டி முடிச்ச கட்டடத்துக்குடி, இந்த பில்டிங் 2021ல கட்டுனது. கட்டடம் பொறக்கறதுக்கு 14 வருஷம் முன்னாடி முடிஞ்ச தேதிய காட்டி என்கிட்ட பணம் வாங்கப் பாத்திருக்கார் அந்த மனுசன்.

டிரேட் லைசென்ஸ் தனிக்கதை. 2024 டிசம்பர் 17ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, மீரட்ல வீட்டுக்குன்னு ஒதுக்கின மனைல கடைங்க கட்டுன கேசு, ஏறக்குறைய எங்க ஓனர் கதைதான். அனுமதி இல்லாத கட்டடத்துல யாருக்கும் தொழில் பண்ண லைசென்ஸ் கொடுக்கக் கூடாது, சர்டிபிகேட் இல்லாம கரண்ட் தண்ணி இணைப்பு கொடுக்கக் கூடாது, பேங்க்காரங்களும் அத பாத்துட்டுதான் லோன் கொடுக்கணும்னு அதுல வரிசையா சொல்லியிருக்காங்க. ஊர்ல பாதி கடை இப்படித்தான ஓடுதுன்னு ஓனர் இன்னும் பேசிட்டு இருக்கார், உண்மைதான், ஆனா ஓடற வரைக்கும்தான ஓடும். 2011ல தி.நகர்ல தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகாம அவ்ளோ பெரிய பெரிய கடைகளுக்கே சீல் வச்சாங்க, பெரிய ஆளுங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, நான் கேக் விக்கறவ, எங்க போறது.

கடைசில வேற ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர்கிட்ட அந்தப் பையன் போட்ட டிராயிங்க கொண்டுபோய் காட்டினேன். பத்து நிமிஷம் பாத்தார், ஐநூறு ரூபா வாங்கினார். பார்க்கிங்குக்கு வேற இடம் காட்டி ரிவைஸ்டு பிளான் போடலாம், ஆனா இந்த மனைல வேற இடமே இல்ல, இல்லன்னா செவுர இடிச்சு பார்க்கிங்காவே விடணும், அப்ப உங்களுக்கு கடை இல்ல, காலி பண்ணிடுங்கம்மான்னார். இத முதல் நாளே இவங்க சொல்லியிருந்தா 35 ஆயிரம் முழுசா கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அட்வான்ஸ்ல ஓனர் 1 லட்சத்து 40 ஆயிரம்தான் திருப்பிக் கொடுத்தார், மிச்சம் பெயின்ட் செலவாம். டைல்ஸ் அங்கயே அவருக்கு தானம். இப்ப வேற இடத்துல தனிக்கட்டடம் புடிச்சிருக்கேன், ஒரே தளம், மொத்தமே 900 சதுர அடி, பிளான்லயே கடைன்னு இருக்கு. அட்வான்ஸ் பேசறதுக்கு முன்னாடி பிளான் காப்பி கேட்டதுக்கு அந்த ஓனரம்மா, என்ன கண்ணு பொண்ணு பாக்க வந்தவ மாதிரி ஜாதகம் கேக்கறன்னு சிரிச்சாங்க, கேட்டா கேட்டுட்டுப் போறேன், கொடுத்தாங்கல்ல.

இந்த ஆபீசுக்கு போறவங்க அளவு எடுக்க மட்டும் போங்க, அதுக்கு தனியா ரேட் பேசிக்கங்க. சட்டம் பத்தி அவர் சொல்றத எழுதித் தரச் சொல்லுங்க, நான் கேட்டப்ப லெட்டர்பேட் தீந்து போச்சுன்னார்.

எடிட்: இத போட்டு மூணாவது நாள் அவர்கிட்ட இருந்து வாட்ஸ்அப், ரிவ்யூவ எடுத்துட்டா பத்தாயிரம் திருப்பித் தர்றாராம். பணம் வந்தா வந்துச்சுன்னு இங்கயே எழுதறேன் சார், எடுக்கல்லாம் மாட்டேன்.