கேடலினா 30 வாங்கலாமா, ஜே/30 வாங்கலாமா?

ரெண்டுமே 70-கள்ல அமெரிக்காவுல வந்த ஃபைபர்கிளாஸ் பாய்மர போட், நீளம் கிட்டத்தட்ட 30 அடி, ஆனா எடையைப் பாருங்க, கேடலினா 10,000 பவுண்டுக்கு மேல, ஜே வெறும் 7,000 பக்கம்தான், அதனால லேசா காத்தடிச்சாலே ஜே பிச்சுக்கிட்டு போகும், ரேஸ்னா அதுதான்.

போட்லயே குடித்தனம்னா கண்ண மூடிக்கிட்டு கேடலினா. நல்லா நிமிந்து நடக்கலாம், சமையலுக்கும் தாராளமா இடம் இருக்கு. கீல் (போட்டுக்கு அடியில துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற கனமான பாகம்) ஒட்டுற இடத்துல முன்பக்கம் சிரிச்ச வாய் மாதிரி விரிசல் இருக்கும், பெரும்பாலும் சரி பண்ணிடலாம்.

ஜே-ல அப்படி இல்ல, அடி உடம்புக்குள்ளயே பால்சா கட்டை, தண்ணி இறங்குனா சத்தமில்லாம மக்கிடும். சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க, 'டங்'னு வந்த சத்தம் 'தொப்'னு மாறுச்சுன்னா விலை எவ்ளோ கம்மின்னாலும் அந்த போட் வேணாங்க, ப்ளீஸ்.