பத்தா, பன்னிரண்டா, பதினைந்தா? பேஸ் கிட்டார் கேபினட்டும் அங்குலக் கணக்கும்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களிடம் ஒரு வாய்பாடு புழங்குகிறது. 15 அங்குல ஸ்பீக்கர் என்றால் அடிநாதம் ஆழமாகவும் சற்று மந்தமாகவும் வரும். 10 அங்குலம் என்றால் துடிப்பாக, சுரங்கள் பிரிந்து கேட்கும். 12 அங்குலம் இரண்டுக்கும் நடுவே. கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, வாங்கக் கடைக்குப் போனால் அங்கேயும் இதையேதான் சொல்வார்கள். இதில் பாதி உண்மை, பாதி பொய். பெரும்பாலானவர்கள் நம்பிப் பணம் கொடுப்பது பொய்யான பாதியை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிநாதம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அங்குலம் முடிவுசெய்வதில்லை. பெட்டியின் கொள்ளளவும், அது மூடிய பெட்டியா துளையுள்ளதா என்பதும், ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அங்குலம் நேரடியாக ஆளுவது வேறொன்றை: நடுத்தர அதிர்வெண்கள் அரங்கில் எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதை.

வாய்பாட்டை உடைக்க ஒரு பெட்டி போதும். பேஸ் ஆம்ப்ளிஃபயர்கள் தயாரிக்கும் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த எஸ்விடி ஆம்ப்ளிஃபயருக்கு எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட கேபினட்டைத் துணை சேர்த்தது. 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டு நடத்திய அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலேயே அது மேடை ஏறியது. அன்று முதல் ராக் இசையில் கனத்த பேஸ் ஒலிக்கு அந்தப் பெட்டிதான் அளவுகோல். வாய்பாட்டின்படி பார்த்தால் பத்தங்குல ஸ்பீக்கர்கள் மட்டுமே உள்ள பெட்டி மெலிந்து ஒலிக்க வேண்டும். அதன் எதிரே நின்று கேட்ட எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கிருந்து வருகிறது அந்தக் கனம்? பரப்பளவைக் கணக்கிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு 15 அங்குலக் கூம்பின் பயன்படும் பரப்பு சுமார் 850 சதுர சென்டிமீட்டர். 12 அங்குலத்துக்குச் சுமார் 520, 10 அங்குலத்துக்குச் சுமார் 340. எட்டுப் பத்துகளைக் கூட்டினால் 2,700-ஐத் தாண்டுகிறது. மூன்று பதினைந்துகளைவிட அதிகம். நான்கு பத்துகளே ஒன்றரைப் பதினைந்துக்கு மேல். ஆக, ஒரு பதினைந்தையும் நான்கு பத்துகளையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு 'பத்தங்குலம் உரக்கக் கேட்கிறது' என்று சொல்பவர் அளவை ஒப்பிடவில்லை, மொத்தப் பரப்பை ஒப்பிடுகிறார்.

மீதி விடை நம் காதில் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆம்பெக்கின் இன்றைய எட்டுப் பத்துப் பெட்டியோ 58 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் இறங்கிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸை எட்டும்போது பத்து டெசிபல் குறைவு. இது நிறுவனமே வெளியிடும் அளவீடு. அப்படியும் ஈ தந்தி நெஞ்சில் இடிக்கிறதே என்றால், அந்தத் தந்தி 41-ஐ மட்டும் எழுப்புவதில்லை. 82, 123 என்று மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது. மேற்சுரங்கள் வலுவாக வந்தால் அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. நாம் 'கனம்' என்று கொண்டாடுவது பெரும்பாலும் 80-க்கும் 200-க்கும் இடைப்பட்ட பகுதியைத்தான்.

அங்குலம் எப்போது தலைகாட்டுகிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்று வைக்கும்போது. ஒரே அளவு சத்தத்தை எண்பது ஹெர்ட்ஸில் எழுப்புவதைவிட நாற்பது ஹெர்ட்ஸில் எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சிறிய கூம்பு இந்த இடத்தில் முதலில் திணறும். ஆனால் பரப்பு பாதிக் கணக்குதான். பரப்பையும் அசைவையும் பெருக்கினால் கிடைக்கும் காற்றின் அளவுதான் முழுக் கணக்கு. மூன்று மில்லிமீட்டர் மட்டும் அசையும் பழைய பாணிப் பதினைந்து ஒரு பக்கத்துக்குத் தள்ளும் காற்று சுமார் 255 கன சென்டிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் அசையக்கூடிய இன்றைய பன்னிரண்டு 360-க்கு மேல் தள்ளும். சிறியது பெரியதை வென்றுவிடுகிறது.

பெட்டியின் பங்கு இன்னும் பெரியது. கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி உண்டு: சிறிய பெட்டி, ஆழமான அடிநாதம், குறைந்த வாட்டுக்கு அதிக சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். ஸ்பீக்கரும் பெட்டியும் எப்படி இணங்க வேண்டும் என்ற கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வகுத்தார்; சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை முழுமையாக்கினார். அதற்குப் பிறகும் அங்குலத்தை வைத்தே ஒலியைத் தீர்ப்பது வருத்தமாக இருக்கிறது. மூடிய பெட்டியில் அடிநாதம் படிப்படியாகச் சரியும். துளையுள்ள பெட்டியில் ஓர் எல்லை வரை தாக்குப்பிடித்துப் பிறகு சட்டென்று விழும். அந்த எல்லைக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிமானமே இருக்காது. ஐந்து தந்திக் கிட்டாரின் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸுக்கு இசைவித்த துளைப் பெட்டியில் அதை உரக்க வாசித்தால், பதினைந்தோ பத்தோ, கூம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பதினைந்தின் 'மந்தம்' என்ற பேச்சுக்கு வருவோம். பெரிய கூம்பு மெதுவானது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கூம்பு மெதுவாக அசைந்தால் உயர் அதிர்வெண்ணே வராது, வருகிறதே. நடப்பது வேறு. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்துக்குச் சமமாகும் இடத்தை நெருங்க நெருங்க, ஒலி எல்லாப் பக்கமும் பரவுவதை விட்டு டார்ச் வெளிச்சம்போல் நேர்க்கோட்டில் குவிகிறது. 15 அங்குலத்துக்கு இது ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸில் நேர்கிறது. 12-க்கு 1,300, 10-க்கு 1,600. விரல் தந்தியைக் கிள்ளும் சத்தம், கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் தந்தி மோதும் சத்தம், ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் விளிம்பு எல்லாம் 700-இலிருந்து 3,000 வரை பரவிக் கிடப்பவை. தரையில் கிடக்கும் ஒற்றைப் பதினைந்து அந்த விளிம்பை வாசிப்பவரின் முழங்காலுக்கு அனுப்புகிறது. அவர் காதுக்கு எஞ்சுவது அடிநாதம் மட்டும். பெட்டியை ஒரு நாற்காலிமேல் தூக்கிவைத்துக் கேளுங்கள். அதே பதினைந்து, அதே ஆம்ப்ளிஃபயர், மந்தம் பாதிக்கு மேல் கலைந்துவிடும். நான்கடி உயரமுள்ள எட்டுப் பத்துப் பெட்டியில் வாசிப்பவருக்குத் தன் வாசிப்பு தெளிவாகக் கேட்பதற்குக் காரணம், மேல் வரிசை ஸ்பீக்கர்கள் அவர் காதை நெருங்கி நிற்பதும்தான்.

அப்படியானால் நான்கு பத்துகள் கொண்ட பெட்டி பக்கவாட்டில் அகலமாகப் பரப்புமா? பரப்பாது. இரண்டு ஸ்பீக்கர்கள் அருகருகே நிற்பதால் ஒலிக்கும் முகப்பின் அகலம் அரை மீட்டரைத் தொடுகிறது. இரண்டிலிருந்தும் வரும் ஒலி ஓரத்தில் நிற்பவரை வெவ்வேறு நேரத்தில் எட்டி, சில சுரங்களை உயர்த்தி, சிலவற்றை அழிக்கிறது. டிரம்ஸ் பக்கம் நிற்பவருக்குத் தெளிவு குறைவதில் நான்கு பத்து, ஒற்றைப் பதினைந்துக்குச் சளைத்ததல்ல. இரண்டு பத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் குறை பெருமளவு நீங்குகிறது. நான்கு பத்துப் பெட்டியின் நிஜமான பலம் வேறு: நல்ல சத்தம், முன்னால் நிற்பவரின் முகத்தில் அறையும் கீழ்நடு அதிர்வெண்கள், டிரம்ஸையும் மின்கிட்டாரையும் தாண்டி வரும் அழுத்தம். ராக் குழுவுக்கு இது வேண்டும்.

பதினைந்துக்கும் அதற்கே உரிய ஓர் அழகு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆம்பெக் 1960-இல் வெளியிட்ட பி-15 ஆம்ப்ளிஃபயர் ஒற்றைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் சுமார் 25 வாட்டும் கொண்டது. ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அதன் வழியே வாசித்தவர். மேல் அதிர்வெண்கள் மென்மையாக வடிந்துபோகும் அந்த உருண்டை ஒலி, விரலால் வாசிக்கும் சோல் இசைக்கும் ஜாஸுக்கும் இன்றும் பொருந்துகிறது. கட்டைவிரலால் தந்தியை அறையும் வாசிப்புக்கு அது சரிப்படாது. ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயர்கூட 1952-இல் ஒற்றைப் பதினைந்தோடுதான் தொடங்கியது. 1950-களின் நடுவில் நான்கு பத்துகளுக்கு மாறியது. அந்த நான்கு பத்தை மின்கிட்டார்க்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இன்று ஒரே ஒரு பெட்டி வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது பன்னிரண்டு. அளவு நடுவில் இருக்கிறது என்பதற்காக அல்ல. எடை குறைந்த நியோடிமியம் காந்தமும் நீண்ட அசைவும் கொண்ட பன்னிரண்டுகள், பத்தை நெருங்கும் பரவலோடு பழைய பதினைந்தைவிட அதிகக் காற்றைத் தள்ளுகின்றன. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். ஆம்பெக்கின் எட்டுப் பத்துப் பெட்டி 63 கிலோவுக்கு மேல். தனியாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது பெரும்பாடு. மேலும் சத்தம் வேண்டுமானால் அதே பன்னிரண்டில் இன்னொன்றை வாங்கி மேலே அடுக்கலாம். ஐந்து, ஆறு அங்குல ஸ்பீக்கர்களால் ஆன பெட்டிகளும் உண்டு; பில் ஜோன்ஸ் பெட்டிகள் ஐந்தங்குலத்தைப் பல எண்ணிக்கையில் அடுக்கியே அடிநாதத்தை எழுப்புகின்றன. சிறிய அரங்குக்கு அருமையானவை. உரத்த டிரம்ஸோடு போட்டியிட விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அடிநாதத்துக்கு ஒரு பதினைந்து, தெளிவுக்கு நான்கு பத்து என்று இரண்டு பெட்டிகளைச் சேர்ப்பது பழைய வழக்கம். நடுவில் அதிர்வெண்களைப் பிரிக்கும் சாதனம் இல்லாததால் இரண்டுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. எந்த ஸ்பீக்கரும் தனக்கு உரிய பகுதியைத் தேடி எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் 8 ஓம் என்றால் மின்திறனும் சரிபாதியாகப் பிரியும். 300 வாட்டில் பதினைந்துக்கு மட்டும் 150, பத்துகளுக்குத் தலா 37-தான். பத்துகள் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும்போதே பதினைந்து கதறத் தொடங்கிவிடும். ஏற்கெனவே ஒரு பதினைந்து வைத்திருப்பவர் அதே தயாரிப்பில் அதே மாதிரியான இன்னொரு பதினைந்தை வாங்கி, பழையதன் தலைமேல் வைத்து வாசிக்கட்டும்.