அந்துப்பூச்சிக்கு ஒட்டுப்பொறியா, ஐஸ்பெட்டியா?

தீபாவளி முறுக்குக்கு வாங்கியதில் ஒரு பாக்கெட் கடலை மாவு மீந்திருந்தது. ஜனவரியில் பஜ்ஜி போடலாம் என்று பிரித்தால், மாவு நூலில் கோர்த்ததுபோல் கட்டி கட்டியாகத் தொங்கியது. அடுப்படிச் சுவரில் சின்னப் பூச்சி உட்கார்ந்திருப்பதை ஒரு மாதமாகப் பார்த்தும், விளக்கைத் தேடி வந்தது என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு ரவை, கேழ்வரகு மாவு, அரை டின் பச்சரிசி எல்லாம் குப்பைக்குப் போயின. அதிலிருந்து ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டா, அந்தா என்று பாருங்கள். வண்டு அரிசியைத் துளைக்கும், நூல் விடாது. நூலும் கட்டியும் இருந்தால் அந்து. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, நாசம் முழுக்கப் புழுவின் வேலை.

வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட வீடுகளில் வழிவழியாக வருபவை. அம்மா இன்றும் அரிசி டின்னில் போடுகிறார். வெளியிலிருந்து வரும் பூச்சியை அந்த வாசம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. வெயிலில் காய வைக்கலாம் என்றால், இங்கே மதியத்துக்கு மேல் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது.

ஒட்டுப்பொறி இரண்டு அட்டை 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். முதல் வாரமே 11 பூச்சி ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை மட்டும் இழுக்கிற பொறி அது. ஏற்கனவே இணை சேர்ந்த பெண் பூச்சி பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டே இருந்தது. இன்னொன்று, கடையில் கிடைக்கும் பொறி எல்லா அந்துக்கும் பொருந்தாது. இறகின் பின்பாதி செம்பு நிறமாகவும் முன்பக்கம் வெளிறியும் இருந்தால் பொருந்தும், எங்கள் வீட்டில் வந்தது அதுதான். ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் அரிசி அந்தாக இருக்கலாம், அது இந்த வாசனைக்கு வராது.

என் ஓட்டு ஐஸ்பெட்டிக்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று: முட்டை. அது பெரும்பாலும் கடையிலிருந்தே பாக்கெட்டுக்குள் வந்துவிடுகிறது, கண்ணுக்கும் தெரியாது. ஒரு பெண் பூச்சி 100 முதல் 400 வரை முட்டையிடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அடுத்த தலைமுறை பறக்கும். ஒரே ஒரு பாக்கெட் தப்பினால் போதும், அலமாரி முழுக்கத் துடைத்த வேலை வீண். அதனால் மாவு, ரவை, பருப்பு எது வாங்கினாலும் முதலில் ஐஸ்பெட்டியின் ஐஸ் கட்டும் அறையில்தான் (ஃப்ரீசர்) வைக்கிறேன். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் போதும், நான் ஒரு வாரம் விடுகிறேன். முட்டை, புழு, கூடு எல்லாம் செத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஈரம். வெளியே எடுத்த சூட்டோடு பிரித்தால் நம் ஊர்க் காற்றுக்கு மாவு வேர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். பாக்கெட்டைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி மேசையில் விட்டு, சில்லிப்பு போன பிறகே கொட்டுங்கள். முதல் தடவை அவசரப்பட்டு ஒரு கிலோ ரவையைக் கெடுத்தேன். கொட்டுவதும் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியிலோ, அழுத்தி மூடும் மைலோ டின்னிலோ இருக்கட்டும். பிளாஸ்டிக் பையைப் புழு கடித்துத் துளைக்கும். திருகு மூடியின் இடுக்கில்கூட குட்டிப் புழு நுழையும்.

பத்து கிலோ அரிசி மூட்டைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. எங்கள் ஐஸ்பெட்டி சின்னது, மூட்டையின் நடுவரை குளிர் போக நாளாகும். நாங்கள் ஐந்து கிலோவாக வாங்கி, இரண்டு பையாகப் பிரித்து வைக்கிறோம்.

மிச்சமிருந்த ஒட்டு அட்டையை அலமாரிப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், பூச்சி திரும்ப வந்தால் தெரியட்டும் என்று. மார்ச்சிலிருந்து ஒன்றுதான் ஒட்டியது. அன்றைக்கே தேடியதில், எல்லா டின்னுக்கும் பின்னால் மறந்துபோன கச்சான் (நிலக்கடலை) பை ஒன்று கிடைத்தது.